கிந்தா மாவட்டத்தில் நிபா இழப்பீடு: பேரிடர் தொடங்கிய காலம் பற்றிய ஒரு மறுவாசிப்பு

நிபா நச்சுயிரிப் பேரிடரின்போது மலேசிய அரசு பன்றிப் பண்ணையாளர்களுக்கு அளித்த இழப்பீடு, அரசு ஆணையால் கொல்லப்பட்ட விலங்குகளைத் தலைக்கணக்காக எண்ணித் தரப்பட்டதாகும். 1999 பிப்ரவரி 28 முதல் ஏப்ரல் 26 வரை 896 பண்ணைகளில் இராணுவத்தினரின் துணையோடு அழிக்கப்பட்ட ஏறத்தாழ 9 லட்சம் பன்றிகளே அக்கணக்கின் பெரும்பகுதி. ஆயினும் பத்து காஜாவைத் தலைமையிடமாகக் கொண்ட கிந்தா மாவட்டத்தில் 1998 செப்டம்பர் இறுதியிலேயே மனிதர்கள் நோயுற்றனர். இடைப்பட்ட ஐந்து மாதங்களில் நோய் ஜப்பானிய மூளைக்காய்ச்சலாகக் கருதப்பட்டு, கொசுப்புகை அடிப்பதும் பன்றிகளுக்குத் தடுப்பூசி போடுவதும் நடந்தன. அஞ்சிய பண்ணையாளர்கள் பன்றிகளை மலிவாக விற்க, நோய் நெகிரி செம்பிலானுக்குப் பரவியது. அவ்வாறு விற்கப்பட்டவையும் முன்பே மாண்டவையும் அழிப்புக் கணக்கில் சேர வழியில்லை.

எனவே பேரிடர் எப்போது தொடங்கியது என்பது, யார் பாதிக்கப்பட்டவர் என்பதையும் தீர்மானிக்கிறது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்நச்சுயிரியைப் பிரித்தறிந்த பெருமைக்குரிய சுவா காவ் பிங், 2002இல் வேறு இருவருடன் எழுதிய கட்டுரையில், காடழிப்பும் 1997–98 எல் நினோ வறட்சியும் காட்டுத்தீப் புகைமூட்டமும் பழந்தின்னி வௌவால்களைப் பண்ணையோரப் பழத்தோட்டங்களுக்குத் துரத்தின என்றார். பலரும் வழிமொழிந்த இவ்விளக்கம் பேரிடரை இயற்கையின் திடீர்த் தாக்குதலாகக் காட்டுவதால், உதவித்தொகை கடமையாக அல்லாமல் கருணையாகத் தோற்றமளிக்கிறது.

இதை ஏற்பதற்குத் தடையாக நிற்பது கால்நடைத் துறையினரே 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் உள்ள ஒரு குறிப்பு. 1996 இறுதி முதலே இந்நோய் தீபகற்ப மலேசியாவின் பன்றிகளிடையே ஆங்காங்கே இருந்திருக்கலாம் என்றும், அறிகுறிகள் பிற பன்றி நோய்களினின்று பெரிதும் வேறுபடாததால் கவனிக்கப்படவில்லை என்றும் அது கூறுகிறது. குரைப்பது போன்ற உரத்த இருமல் பின்னாளில் இந்நோயின் அடையாளமானாலும், கொட்டிலில் இருமும் பன்றி எந்தப் பண்ணையாளருக்கும் புதியதன்று. பின்னோக்கிச் செய்யப்பட்ட கணிப்பு என்பதால் இச்சான்று மெலிந்ததே. எனினும் அது உண்மையாயின், 1997இன் பிற்பாதியில் எழுந்த புகைமூட்டம் முதல் தொற்றுக்குக் காரணமாக இருந்திருக்க முடியாது. காரணம் விளைவுக்குப் பிந்தி வராது.

ஜூலியட் புல்லியம் குழுவினரின் 2012 ஆய்வு இந்த ஐயத்துக்கு வலுச் சேர்க்கிறது. நோய் முதலில் வேரூன்றிய ஈப்போ அருகிலான பண்ணையில் 30,000க்கு மேற்பட்ட பன்றிகள் இருந்தன. கொட்டில்களை ஒட்டி மாமரங்கள் வளர்க்கப்பட்டன. வௌவால் கடித்துப் போட்ட பழம் பன்றியின் வாய்க்கெட்டும் தொலைவில் விழுந்தது. முதல் தொற்று பண்ணையில் பரவி ஓய்ந்தபின் மீண்டும் நுழைந்த நச்சுயிரி, தாய்வழி எதிர்ப்பாற்றல் தேய்ந்த குட்டிகளிடையே நிலைத்தது என்பது அவர்கள் கணிப்பு. ஒரே நிலத்தில் இருவகை வருமானம் தேடிய பண்ணை முறை இங்கே முன்னிற்கிறது. அம்முறையை அனுமதித்த ஒழுங்குமுறைக்கும் இதில் பங்குண்டு. இரண்டாம் நுழைவுக்கு வறட்சி உதவியதா என்பது இன்னும் தீராத கேள்வி. அந்த அளவில் சுவாவின் கருத்தைத் தள்ளிவிட இயலாது.

நோயுற்ற 265 பேரில் 105 பேர் இறந்தனர். அவர்களுள் பண்ணைக் கூலியாட்களும் இருந்தனர். பன்றித் தலையை அலகாகக் கொண்ட கணக்கு, 1996 வரை பின்னோக்கி நீட்டப்பட்டாலும், உடைமையாளரின் இழப்பை மட்டுமே அளக்கும். பன்றி ஏதும் சொந்தமில்லாத கூலியாளின் இழப்பை எழுத அதில் பத்தியே இல்லை.