மொரப்பூர்த் தடம்

தருமபுரியிலிருந்து சென்னைக்கு இரயிலில் செல்ல விரும்புவோர் பலர், வண்டியில் மொரப்பூர் சென்று, அதை அங்கு நிறுத்திவிட்டே ஏறுகின்றனர். அங்கே வண்டி நிறுத்தத்தைப் பெரிதாக்கினால் போதும் என்பாரிடம் நாம் உடன்படோம். இரயில் ஊருக்கே வந்த காலம் ஒன்றுண்டு.

1906-இல் மொரப்பூர்–தருமபுரி குறும்பாதை திறக்கப்பட்டது. அகலம் இரண்டரை அடிதான். பஞ்சகாலத்தில் தானியம் கொண்டுசேர்க்கவென அன்றைய சேலம் மாவட்டத்தில் இட்ட தடங்களுள் ஒன்று அது. 1913-இல் ஓசூர் வரை நீண்டது. 1941-இல், இரண்டாம் உலகப்போரின் நடுவே, மூடப்பட்டுத் தண்டவாளங்களும் பெயர்த்தெடுக்கப்பட்டன. போருக்கு இரும்பு வேண்டியிருந்தது, சரி. போர் முடிந்தபின் எவர் கண்ணிலும் இவ்வூர் படவில்லை போலும்! பின்னர் வந்த சேலம்–பெங்களூரு பாதை தருமபுரியைத் தொட்டாலும், சென்னைக்கு அது சுற்றுவழியே.

மொரப்பூருக்குப் புதுப்பாதை அமைக்க 2019-இல் அடிக்கல் நாட்டினர். நீளம் ஏறத்தாழ 36 கிலோமீட்டர். பழைய தடத்தின்மேல் வீடுகள் எழுந்துவிட்டமையால் நிலமெடுப்பில் சிக்கல். வீடிழப்போரின் அச்சம் நியாயமானது. தடத்தைச் சற்று விலக்கி அமைக்கலாம். ஆனால் பாதையே வேண்டாமெனில், வண்டியோட்டத் தெரியாத முதியவரும் பெட்டி சுமந்த மாணவியும் மொரப்பூரை எட்டுவது எவ்வாறு?