கலெக்டர் ஆபீஸ் வந்த வருஷம் வீடு தேடிய கதை

1910-ல் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களில் இருந்து கொஞ்சம் கொஞ்சம் பிரித்து ராமநாதபுரம் ஜில்லாவை உண்டாக்கினார்கள். ஆனால் அதன் கலெக்டர் ஆபீஸ் இருந்தது மதுரையில். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரும் திருவாடானைக்காரரும் ஒரு மனுக் கொடுக்க அடுத்த ஜில்லாவின் தலைநகருக்கு பஸ் ஏற வேண்டும். எழுபத்தைந்து வருஷம் இப்படியே ஓடியது. ஜனங்களுக்கு அலைச்சல், அங்கே குமாஸ்தாவாக இருந்த என் போன்றவர்களுக்கு வசதி. உத்தியோகம் ராமநாதபுரம் ஜில்லாவில், குடித்தனம் மதுரையில்.

1985 மார்ச் 15 அந்த வசதிக்கு முடிவு கட்டியது. பழைய ஜில்லா மூன்றாகப் பிரிந்தது. மேற்குப் பக்கத்துத் தாலுகாக்கள் சேர்ந்து காமராஜர் மாவட்டம் ஆயின. (1997-ல் மாவட்டங்களுக்குத் தலைவர்கள் பெயர் வேண்டாம் என்று எடுத்தபோதுதான் அது விருதுநகர் மாவட்டம் ஆனது.) எனக்கு விருதுநகர் விழுந்தது. ஆர்டர் கைக்கு வந்ததும் பிரமோஷனைப் பற்றி யாரும் பேசவில்லை. "வீடு எங்கே பார்க்கப் போறீங்க?" என்பதுதான் பேச்சு.

மூன்று வழிகள் இருந்தன. மதுரையிலேயே இருந்துகொண்டு சீசன் டிக்கெட்டில் போய் வருவது ஒன்று. திருமங்கலம், கள்ளிக்குடி தாண்டினால் விருதுநகர். நாற்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் மாறாது. இரண்டாவது, விருதுநகரிலேயே குடியேறுவது. வாடகை மதுரையைவிடக் குறைவுதான்; ஆனால் வீட்டு வாடகைப்படியை ஊரின் தரத்தைப் பார்த்துக் கொடுப்பதால் அதுவும் கூடவே குறையும். மூன்றாவது, சிவகாசி.

சிவகாசியில் வீடு பார்க்கப் போனவர்கள் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்க வேண்டியிருந்தது: "பக்கத்துல என்ன வச்சிருக்காங்க?" பட்டாசு ஆலைகளை ஊருக்கு வெளியே, கட்டடத்துக்குக் கட்டடம் இடைவெளி விட்டுத்தான் கட்ட வேண்டும் என்பது வெடிபொருள் விதி. ஆனாலும் தீப்பெட்டிக் கூடு ஒட்டுவது போன்ற வேலை வீட்டுத் திண்ணை வரை வந்திருந்தது. கூடு ஒட்டினால் பயமில்லை. யாராவது அனுமதியில்லாமல் கருந்திரி செய்தால்தான் வம்பு. அச்சகத்துப் பக்கம் என்றால் ராத்திரி பூராவும் மிஷின் சத்தம். சாலையில் ஒரு மணி நேரப் பயணம் வேறு. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

விருதுநகரில் வீடு காட்டிய அண்ணாச்சி முதலில் கேட்டது, "வாடகைக்கா, ஒத்திக்கா சார்?" மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருந்து, காலி செய்யும்போது பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வது ஒத்தி. மாற்றலாகி வந்தவனிடம் மொத்தப் பணம் ஏது? வாடகைக்குத்தான் என்றேன். அட்வான்ஸ் பேச்சு வந்தது. 1960-ஆம் வருஷத்து வாடகைச் சட்டப்படி ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. அதை வீடு தேடி வந்தவன் அண்ணாச்சியிடம் சொல்ல முடியுமா?

என் வீட்டம்மா அட்வான்ஸைப் பற்றிக் கவலைப்படவில்லை. நேராகக் கொல்லைக்குப் போய்க் கிணற்றில் ஒரு வாளி இறைத்து, ஒரு வாய் ஊற்றித் துப்பினாள். உப்பு. "நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தடவை அண்ணாச்சி?" அவர் உடனே பதில் சொல்லவில்லை. வேறு வீடு பார்த்தோம். கடைசியில் பிடித்த வீட்டுக்குப் பத்து ரூபாய் வாடகை கூடுதல். தெருக்குழாய் வாசலுக்கு எதிரே என்பதற்காக அதைக் கொடுத்தோம்.

கரிசல் பூமி, மழை குறைவு. தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே காலூன்றியதற்கும் இந்த வறட்சி ஒரு காரணம். மருந்தும் காகிதமும் சீக்கிரம் காயும். குடித்தனக்காரனுக்குத்தான் அது ஆகவில்லை. காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது அவர் தாயார் சிவகாமி அம்மாள் வீட்டுக்குத் தனியாகக் குழாய் போட்டார்கள் என்றும், அவர் அதை எடுக்கச் சொன்னார் என்றும் ஒரு கதை உங்களுக்கெல்லாம் தெரியும். எல்லோரும் அதில் அவருடைய நேர்மையைச் சொல்வார்கள். எனக்கு அதில் ஊரின் தாகமும் தெரிகிறது. அவரும் சென்னையில் திருமலைப் பிள்ளை சாலையில், 1975-ல் கண்ணை மூடும் வரை, வாடகை வீட்டில்தான் இருந்தார்.

என்னோடு வந்தவர்களில் பாதிப் பேர் குடும்பத்தை மதுரையிலேயே விட்டுவிட்டார்கள். நாலு பேர் சேர்ந்து ரூம் எடுத்து, சனிக்கிழமை சாயங்காலம் ரயிலைப் பிடிப்பார்கள். புது மாவட்டத் தலைநகரில் அதிகாரிகள் இருந்தார்கள், அவர்கள் குடும்பங்கள் இல்லை. அந்த ஊரில் நல்ல பள்ளிக்கூடங்களுக்குக் குறைவில்லை. வியாபாரிகள் மகமை வைத்துச் சேர்த்த பணத்தில் நடத்தியவை. மதுரைக்காரர்களைத் தடுத்தது தண்ணீர்தான் என்பது என் கணிப்பு. பெண்டு பிள்ளைகளைக் குடத்தோடு வரிசையில் நிற்க வைக்க யாருக்கு மனசு வரும்?

இப்போது கலெக்டர் ஆபீஸ் சாத்தூர் போகிற வழியில், கூரைக்குண்டில். 2022-ல் மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. புதிய வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையை முன்பணம் என்கிறது; இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு வேறு மாதிரி எழுதிக்கொள்ளவும் இடம் விடுகிறது. போன மாதம் அங்கே வேலைக்குச் சேர்ந்த உறவுக்காரப் பையன் ஒருவன் போனில் வீட்டின் படங்களை அனுப்பினான். மாடுலர் கிச்சன், கார் நிறுத்த இடம், எல்லாம் இருந்தது. குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.