அரைப்படி நெல்லும் சம்பளக் கணக்கும்



கூலிப் போராட்டங்களைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். கூலியை யார் அளந்தார்கள், யார் எழுதி வைத்தார்கள் என்பதைக் குறைவாகவே பேசியிருக்கிறோம். தஞ்சைப் பண்ணைகளில் கூலி நெல்லாக அளக்கப்பட்டது. மரக்கால் ஆண்டையுடையது. அளந்தவர் அவருடைய காரியக்காரர். கணக்கும் அவர் வீட்டில்தான். பண்ணையாளிடம் இருந்தது ஏந்திய துண்டு மட்டுமே. எவ்வளவு பாக்கி என்று கேட்கவே அவருக்கு வழியில்லை. கேட்டால் சவுக்கடியும் சாணிப்பாலும். 1943 முதல் பி. சீனிவாசராவ் அங்கே கட்டிய விவசாயிகள் சங்கம் இந்த இரண்டையும் எதிர்த்ததோடு கூலி நெல்லின் அளவையும் கேள்வி கேட்டது.

1946 ஏப்ரலில், தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்த அண்ணல் அம்பேத்கர் மத்திய சட்டசபையில் குறைந்தபட்சக் கூலி மசோதாவைக் கொண்டுவந்தார். அது 1948-இல் சட்டமானபோது அத்துறை அமைச்சர் ஜெகஜீவன்ராம். அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த இடம் முதலாளிக்கு அது தந்த விளக்கம். பட்டியலிட்ட தொழிலில் ஒரே ஒருவரை வேலைக்கு வைத்தாலும் அவர் முதலாளிதான் என்றது அது. கூலி கொடுக்க வேண்டியிருந்தது, பதிவேடு எழுத வேண்டியிருந்தது. 'நான் சின்ன ஆள்' என்ற சாக்குக்கு அங்கே இடமிருக்கவில்லை. விவசாயமும் பட்டியலில் இருந்தது. ஆனால் விவசாயத்துக்குக் கூலி நிர்ணயிக்கும் காலக்கெடு மட்டும் திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டது.

1952-இல் ராஜாஜி அரசின் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாளைக் காரணமின்றி நீக்கக் கூடாது, கூலியைக் குறைக்கக் கூடாது என்றது. நல்லது. ஆனால் ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல் நிலம் வைத்திருந்தவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும். ஒரு வேலி என்றால் ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அதற்குக் கீழே உள்ள நிலத்தில் உழைத்தவரின் வயிறும் சின்னதா என்று யாரும் கேட்கவில்லை. பெரிய மிராசுதாரர்களோ வேறு வழி கண்டார்கள். நிரந்தரப் பண்ணையாளைக் கைவிட்டு அன்றாடக் கூலிக்கு ஆள் பிடித்தார்கள். சட்டம் பாதுகாத்த 'பண்ணையாள்' என்ற உறவே தேய்ந்தது. இன்று ஒப்பந்தக்காரர் மூலம் ஆள் எடுக்கும் நிறுவனங்கள் செய்வதும் இதைத்தான்.

அன்றாடக் கூலியாகிவிட்டவருக்கு மிஞ்சியது பேரம் ஒன்றே. 1968-இல் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதும், வெளியூர் ஆட்களைக் கொண்டு அறுப்பு நடத்துவதை எதிர்த்ததும் அந்தப் பேரம்தான். டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். தண்டனை பெற்ற நிலச்சுவான்தார்களை உயர்நீதிமன்றம் 1973-இல் விடுவித்தது. கணபதியா பிள்ளை ஆணையத்துக்குப் பிறகு, 1969-இல், நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அரைப்படியைச் சட்டப் புத்தகத்தில் ஏற்ற அத்தனை உயிர்கள் போக வேண்டியிருந்தது.

இன்னொரு தொகையையும் மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். 1982-இல் டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமான வேலைகள் பற்றிய வழக்கு. குறைந்தபட்சக் கூலி ஒரு நாளுக்கு 9 ரூபாய் 25 காசு. ஆள் பிடித்து வந்த ஜமேதார் அதில் ஒரு ரூபாயை எடுத்துக்கொண்டார். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடைசெய்த கட்டாய உழைப்பே என்றது உச்சநீதிமன்றம். அரசு மட்டுமல்ல, தனிநபர் செய்தாலும் அப்படித்தான் என்றும் சொன்னது. அந்த வழக்கு நடந்தது ஒரு நாளைக்கு ஒரு ரூபாய்க்காக.