சுடாத துப்பாக்கி

1882ஆம் ஆண்டில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரையடுத்த பொசிலிப்போ கடற்கரையில் பிரெஞ்சுக்காரர் ஒருவர் நீண்ட துப்பாக்கியைத் தோளில் சார்த்திக்கொண்டு நிற்பார். வானில் கடற்பறவை ஒன்று தோன்றியதும் குறிபார்ப்பார். அது செல்லும் திசையிலேயே குழலை மெல்லத் திருப்பி, விசையை இழுப்பார். வெடிச் சத்தம் எழாது, பறவையும் விழாது. ஆயினும் அவர் முகத்தில் ஏமாற்றத்தின் சாயல் இராது. நாள்தோறும் குறிபார்த்தும் ஒரு பறவையையேனும் வீழ்த்தாத அம்மனிதரை அவ்வூரார் சித்தம் கலங்கியவர் என்று பேசிக்கொண்டனராம்.

அவர் பெயர் எத்தியேன் ழூல் மாரே. பாரிஸ் நகரின் புகழ்பெற்ற கொலேஜ் து பிரான்சில் பேராசிரியராக விளங்கிய உடலியல் அறிஞர். அவர் கையில் இருந்தது துப்பாக்கியின் வடிவில் அமைந்த காமிரா. குழலுக்குள்ளே லென்ஸ், தோட்டா இருக்கவேண்டிய இடத்தில் கடிகார விசையால் சுழலும் தட்டு. ஒரு நொடிக்குப் பன்னிரண்டு படங்கள். ஒவ்வொரு படத்திற்கும் ஒளி விழும் நேரம் ஒரு நொடியின் 720இல் ஒரு பங்கு. உயிரைப் பறிக்கும் கருவியின் உருவத்தை எடுத்து, உயிரை அறியும் கருவியாக அவர் மாற்றியிருந்தார்.

பறவையின் சிறகு எவ்வாறு இயங்குகிறது என்ற கேள்வி மாரேயை நெடுங்காலம் அலைக்கழித்தது. முதலில் அவர் பறவைகளின் உடலிலேயே கருவிகளைப் பூட்டி, சிறகடிப்பைக் கோடுகளாக வரையச் செய்தார். கருவியைச் சுமந்த பறவை தன் இயல்பில் பறக்குமா என்ற ஐயம் எழாமல் இராது. 1878இல் அமெரிக்காவில் மைபிரிட்ஜ் என்பவர் வரிசையாக நிறுத்திய காமிராக்களைக் கொண்டு ஓடும் குதிரையைப் படம் பிடித்த செய்தி உலகை வியக்க வைத்தது. அவ்வாறே பறவைகளையும் பிடிக்க இயலுமா என்று மாரே கேட்டார். மைபிரிட்ஜ் கொண்டுவந்து காட்டிய புறாப் படங்கள் அவருக்கு நிறைவளிக்கவில்லை. குதிரை நாம் வகுத்த பாதையில் ஓடும். பறவை அவ்வாறு வருமா? காமிராதான் அதன் பின்னே செல்ல வேண்டும். 1874இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்து சென்றதைப் பதிவு செய்ய ழான்சென் என்ற வானியலறிஞர் சுழல் துப்பாக்கி போன்றதொரு காமிராவை அமைத்திருந்தார். அதன் வழியிலேயே மாரேயின் துப்பாக்கியும் பிறந்தது.

ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. படங்கள் மிகச் சிறியவை. பறவை பெரும்பாலும் கரிய நிழலுருவாகவே தெரிந்தது. எனவே மாரே வேறு வழியை நாடினார். கறுப்புத் திரைக்கு முன்னே பறவையைப் பறக்கவிட்டு, அதன் அடுத்தடுத்த நிலைகளை ஒரே தட்டில் பதித்தார். கடற்காகமும் கூழைக்கடாவும் அவ்வாறு பதிவாயின. படத்தில் தெளிவு வந்தது. ஆனால் அந்தப் பறவை திரைக்கு முன்னே கொண்டுவந்து விடப்பட்ட பறவை. தன் விருப்பப்படி சதுப்பு நிலத்தினின்று எழுந்த பறவையன்று. தெளிவு வேண்டுமாயின் பறவையின் விடுதலை குறையும். விடுதலை வேண்டுமாயின் தெளிவு குறையும். பறவைப் படக்கலையின் பிற்கால வரலாறு முழுவதும் இந்தச் சிக்கலை அவிழ்க்கும் முயற்சி என்றே கூறலாம்.

ஜெர்மானியரான ஆட்டோமார் அன்ஷூட்ஸ் இதில் ஓரடி முன்னே வைத்தார். 1884இல், இன்று போலந்து நாட்டில் லெஷ்னோ என வழங்கும் தம் ஊரில், செங்கால் நாரைகள் சிறகு விரிக்கும் காட்சிகளை அவர் வியக்கத்தக்க தெளிவுடன் பதிவு செய்தார். சதுப்பிலும் ஈரப் புல்வெளியிலும் இரை தேடி, மனிதரின் குடியிருப்புகளையொட்டிக் கூடு கட்டும் பறவை அது. தட்டுக்கு மிக அருகே, இடுக்குடைய திரை விரைந்து ஓடும் மூடியை அவர் பயன்படுத்தினார். அதற்கு 1888இல் காப்புரிமையும் பெற்றார். நாரைகளின் பறத்தலை ஆராய்ந்து 1889இல் நூல் வெளியிட்ட ஓட்டோ லிலியந்தால், பின்னர் தாமே சிறகு பூட்டிக் குன்றுகளிலிருந்து மிதந்து பறந்தார். அவர் பறந்ததையும் அன்ஷூட்ஸ் படம் பிடித்தார். 1896இல் லிலியந்தால் விழுந்து உயிர் துறந்தார்.

நாரை மனிதரை அண்டி வாழ்வது. நாணற்காட்டிற்குள் ஒளிந்து வாழும் பறவைகளை என்ன செய்வது? அருகே சென்றால் அவை மறையும். தொலைவில் நின்றால் புள்ளியாகும். 1891இல் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் தனித்தனியே மூவர் தொலைநோக்கு லென்சை உருவாக்கினர். முன்னே குவிந்த கண்ணாடியும் பின்னே குழிந்த கண்ணாடியும் சேர்ந்து, காமிராவின் நீளத்தை மிகைப்படுத்தாமலே உருவத்தைப் பெரிதாக்கின. எனினும் இயற்கை தன் விலையைக் கேட்டது. உருவம் பெரிதாகும்போது ஒளி மங்குகிறது; ஒளி மங்கினால் மூடி நெடுநேரம் திறந்திருக்க வேண்டும்; திறந்திருந்தாலோ பறக்கும் பறவை கலங்கிய கோடாகிவிடும்.

ஒரு சிறு கணக்கு இதை விளக்கும். ஒரு பறவை நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில், 50 மீட்டர் தொலைவில் நமக்குக் குறுக்கே பறக்கிறது என்று கொள்வோம். 500 மில்லிமீட்டர் லென்சில் அதன் உருவம் உண்மை அளவில் நூற்றில் ஒரு பங்காக விழும். அந்த உருவம் தட்டின் மேல் நொடிக்கு 100 மில்லிமீட்டர் ஓடும். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே மூடி திறந்தாலும், அதற்குள் உருவம் 0.1 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். இறகின் நுண்மைகளை அழிக்க அதுவே போதும். ஆகவே படம் பிடிப்பவர் பறவையின் வேகத்திற்கு இசைவாகக் காமிராவைத் திருப்பிக்கொண்டே செல்ல வேண்டும். மாரே பொசிலிப்போவில் செய்ததும் அதுவே. கருவிகள் எத்தனையோ மாறிவிட்டன. தோளும் கண்ணும் செய்யும் அந்தப் பணி மட்டும் மாறவில்லை.

இந்த இடத்தில் ஒரு கசப்பான உண்மையையும் நினைவுகூர வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பாவில் அரியதொரு பறவையைக் கண்டேன் என்று சொன்னால் மட்டும் போதாது. சுட்டு வீழ்த்திக் கொண்டுவந்தால்தான் சான்று. எவ்வளவுக்கு எவ்வளவு ஒரு பறவை அரிதாயிற்றோ, அவ்வளவுக்கு அதைச் சுடும் வேட்கையும் பெருகிற்று. அறிவின் பெயரால் நடந்த அழிவு அது. நாணற்காட்டில் வாழும் பெருங்குருகும் அதற்குத் தப்பவில்லை. நம் பழந்தமிழ்ப் பாடல்களில் பயிலும் குருகு என்னும் சொல்லையே இன்றைய பறவை நூலார் இவ்வினத்திற்கு வழங்குகின்றனர். ஆபத்தை உணர்ந்தால் அலகை வானோக்கி நிமிர்த்தி, கோடுகள் நிறைந்த கழுத்தை நீட்டி, நாணலோடு நாணலாக அசையாது நிற்கும் பறவை. ஆணின் முழக்கமோ அமைதியான பொழுதில் சில கிலோமீட்டர் தொலைவிற்குக் கேட்கும். வேட்டையும், சதுப்பு நிலங்களின் நீரை வடித்து வயலாக்கியதும் சேர்ந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டனில் அது குஞ்சு பொரிப்பதை அடியோடு நிறுத்தின.

இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் பரந்த நீர்நிலைகள் உண்டு. இடைக்காலத்தில் எரிபொருளுக்காக மக்கள் வெட்டியெடுத்த கரிமண் குழிகளில் நீர் புகுந்து உண்டானவை அவை. அங்கே ஹிக்லிங் என்னும் ஏரியில், நீர்க்கோழி ஒன்றின் பெயரைச் சூட்டிய படகு வீட்டில், எம்மா டர்னர் (1867–1940) என்னும் பெண்மணி ஆண்டுதோறும் பல மாதங்கள் தங்கி வாழ்ந்தார். கனத்த காமிராவும் கண்ணாடித் தட்டுகளுமே அவர் செல்வம். மறைவிடத்தில் மணிக்கணக்காக அசையாது காத்திருப்பது அவர் தொழில்முறை. 1911ஆம் ஆண்டுக் கோடையில் அவரும் ஜிம் வின்சென்ட் என்னும் காவலரும் அருகிலிருந்த சட்டன் ஏரியின் நாணல்களுக்கிடையே தேடி, ஒரு பெருங்குருகுக் குஞ்சைக் கண்டனர். டர்னர் அதைப் படம் பிடித்தார். அழிந்தது என்று கைவிடப்பட்ட பறவை மீண்டும் அந்நாட்டில் குஞ்சு பொரித்திருக்கிறது என்பதற்கு அந்தப் படமே சான்றாயிற்று.

அது பறக்கும் பறவையின் படமன்று. பறக்கவே அறியாத குஞ்சின் படம். தொலைவிலிருந்து எடுத்ததுமன்று. ஆயினும் இந்த வரலாற்றின் திருப்புமுனை அதுவே என்று நான் கருதுகிறேன். சான்று கேட்ட உலகிற்கு ஒரு குருதித் துளியும் சிந்தாமல் சான்று காட்டப்பட்டது. மாரேயின் சுடாத துப்பாக்கி தொடங்கி வைத்த பணி நாணற்காட்டில் நிறைவு பெற்றது. டர்னர் பின்னர் 1924இலும் 1925இலும் ஸ்கோல்ட் ஹெட் என்னும் கடலோரத் தீவில் பறவைகளுக்குக் காவலராகவும் பணியாற்றினார். நெடுநாள் பார்த்துக்கொண்டிருந்தவர் காப்பவரானதில் வியப்பென்ன?

பெருங்குருகின் துன்பம் அத்துடன் தீர்ந்துவிடவில்லை. 1997இல் பிரிட்டன் முழுவதிலும் முழங்கிய ஆண் பறவைகள் பதினொன்றே. நாணற்காட்டில் எவ்வளவு நீர் நிற்கவேண்டும், எத்தகைய மீன்கள் வேண்டும் என்றெல்லாம் ஆராய்ந்து, சதுப்புகளைச் சீரமைத்தனர். அண்மை ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை இருநூறைத் தாண்டியுள்ளது. இந்தக் கணக்கும் பறவைகளைக் கண்டு எடுத்ததன்று. தொலைவில் நின்று முழக்கத்தைக் கேட்டு எடுத்தது.

இன்று அந்த நாணற்காடுகளின் ஓரத்தில் நீண்ட லென்சுகள் வரிசையாக நிற்கின்றன. நொடிக்கு இருபது படங்கள் எடுக்கும் காமிராக்கள், பறவையின் கண்ணைத் தாமே கண்டுபிடித்துத் தெளிவை நிலைநிறுத்துகின்றன. கோடையின் தொடக்கத்தில் தாய்ப்பறவை குஞ்சுகளுக்கு இரை தேடிப் பறந்து போய்வரும் சில நொடிகளே அவர்களுக்கு வாய்ப்பு. நாணலின் முனையை ஒட்டி, ஆந்தையைப் போன்ற அகன்ற பழுப்புச் சிறகுகளுடன் தாழப் பறந்து, மீண்டும் நாணலுக்குள் விழுந்து மறையும். தொலைவிலிருந்து பார்க்கத்தான் இத்தனை வசதிகள். ஆனால் வசதி பெருகியதும் இன்னும் சற்று நெருங்கலாமே என்ற ஆசையும் மனிதருக்கு வருகிறது. கூட்டருகே சென்று இப்பறவையைக் கலைப்பதை அந்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. சட்டம் வேண்டியிருக்கிறது என்பதே நாம் இன்னும் கற்க வேண்டியிருக்கிறது என்பதற்கு அடையாளம்.

தமிழில் நாம் "படம் பிடித்தல்" என்கிறோம். அழகிய சொல். பிடிபடுவது படம் மட்டுமே, பறவை பிடிபடுவதில்லை. நாள் முழுவதும் காத்திருந்த ஒருவர் கண நேரம் அயர்ந்துவிடுகிறார். பறவை எழுந்து, பறந்து, மறைந்துவிடுகிறது. காமிராவில் வெறும் வானமும் நாணலும் மட்டுமே. அவர் பெருமூச்சு விட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு திரும்புகிறார். அவருக்குப் பின்னால், அந்த நாணற்காட்டில், குஞ்சுகளுக்கு இரை கிடைத்துவிட்டது.