உடைக்காமல் விட்ட பாறை: மாச்சு பிச்சுவின் சமயக் கட்டடக்கலை குறித்து

பெரு நாட்டில், உருபம்பா ஆறு மூன்று பக்கமும் வளைந்தோடும் மலைமுகட்டில், இரு சிகரங்களுக்கு நடுவே ஏறத்தாழ 2,430 மீட்டர் உயரத்தில் அமைந்தது மாச்சு பிச்சு. 1911 ஜூலை 24 அன்று அமெரிக்க ஆய்வாளர் ஹைரம் பிங்ஹம் அங்கே சென்றபோது, உள்ளூர் உழவர்கள் அதன் படித்தளங்களில் பயிர் செய்துகொண்டிருந்தார்கள். இடிபாடுகளில் எது கோயில், எது வீடு என்று பிரிக்க அவர் பெரும்பாலும் சுவரின் நேர்த்தியையே நம்பினார். இழைத்த கல்லில் எழுந்தவை கோயில்களாயின. புதைகுழி எலும்புகளில் பெரும்பாலானவை பெண்களுடையவை என்று ஜார்ஜ் ஈட்டன் 1916-இல் எழுதியதும், சூரியனுக்கு நேர்ந்துவிடப்பட்ட கன்னியரின் மடம் இது என்ற எண்ணம் வேரூன்றியது. ஜான் வெரானோ அதே எலும்புகளை மறுபடி ஆராய்ந்து, ஆண், பெண் விகிதத்தில் அத்தனை பெரிய வேறுபாடு இல்லை என்று காட்டியபின் அந்த மடம் கலைந்தது. ஆனால் சுவரைப் பார்த்துக் கோயிலைத் தேடும் பழக்கம் மட்டும் கலையவில்லை.

இதற்கிடையே ஜான் ரோ 16-ஆம் நூற்றாண்டு நில ஆவணங்களைக் கொண்டு, இப்பகுதி இன்கா மன்னர் பச்சகுட்டியின் சொந்த நிலம் என்று 1990-இல் நிறுவினார். ரிச்சர்ட் பர்கரும் லூசி சலசாரும் இதை அரச குடும்பத்தின் மலைவாசத் தலமாக விளக்கினார்கள். எலும்புகளின் கரிமக் காலக்கணிப்பு, 1420 வாக்கிலிருந்தே இங்கு மக்கள் வாழ்ந்ததைக் காட்டுகிறது. இவற்றை நான் ஏற்கிறேன். ஆனால் அரசனின் ஓய்விடம் என்றால் புனிதத் தலமாக இருக்க முடியாது என்ற எதிர்நிலையை ஏற்பதற்கில்லை. சூரியனின் மகனாகத் தன்னைக் கொண்ட அரசன் தங்கும் இடத்தில் அரண்மனை முடிந்து வழிபாடு தொடங்கும் கோட்டை எங்கே கிழிப்பது?

கேள்வியைச் சுவரிலிருந்து பாறைக்கு மாற்ற வேண்டும் என்பதே என் வாதம். மாச்சு பிச்சுவின் கல் வெளியிலிருந்து சுமந்து வந்ததன்று. அந்த முகட்டின் கிரானைட்டே அது. ஊரின் நடுவே, பிரதான கோயில் எனப்படும் கட்டடத்துக்கு அருகிலேயே, கல் எடுத்த குவாரி இன்றும் கிடக்கிறது. நிலப்பிளவுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் ஊர் அமைந்திருப்பதாகவும், அதனால் பாறை இயல்பாகவே விரிசல் கண்டிருந்ததாகவும் 2019-இல் புவியியலாளர் ருவால்டோ மெனகாட் எடுத்துக்காட்டினார். உடைப்பதற்கு வாகான கல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் சில பாறைகளை மட்டும் உடைக்காமல் விட்டிருக்கிறார்கள். எதை உடைப்பது, எதை விடுவது என்ற முடிவிலேயே இங்குள்ள சமயக் கட்டடக்கலை தொடங்குகிறது. இன்கா மக்கள் கல்லை உயிருள்ளதாகக் கருதியதைக் கரோலின் டீன் விரிவாக எழுதியிருக்கிறார். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது கொத்தர்களின் இந்தத் தேர்வை.

தோர்ரெயோன் எனப்படும் வளைந்த கட்டடம் இதற்குச் சிறந்த சான்று. இன்கா தலைநகர் குஸ்கோவின் சூரியக் கோயிலான கோரிகாஞ்சாவிலும் இத்தகைய வளைசுவர் உண்டு என்பதால் சூரியக் கோயில் என்ற பெயர் இதற்கு எளிதாக ஒட்டிக்கொண்டது. உள்ளே பார்த்தால் தளத்தின் பெரும்பகுதியை ஒரு பாறையே அடைத்துக்கொண்டிருக்கிறது. பலர் கூடி அமர இடமில்லை. பாறையைச் சூழவே சுவர் வளைகிறது. பாறையின் மேல்பரப்பில் நேர்கோடாக ஒரு விளிம்பு செதுக்கப்பட்டிருக்கிறது. ஜூன் மாதக் கதிர்த்திருப்ப நாளில் உதயசூரியனின் ஒளி வடகிழக்குச் சாளரம் வழியே நுழைந்து அந்த விளிம்புக்கு இணையாக விழுவதை ஆய்வாளர்கள் டியர்பார்னும் வைட்டும் அளந்து காட்டினார்கள். ஒளியை வாங்கிக்கொள்வது பாறை. அதைப் பாறைக்குக் கொண்டுசேர்ப்பதே சுவருக்கு இட்ட வேலை.

அதே பாறையின் அடியில் ஒரு குகை. பிங்ஹம் இதை அரச கல்லறை என்றார். உடல் எதுவும் கிடைக்கவில்லை. வாயிலில் தாய்ப்பாறையிலேயே படிவடிவம் செதுக்கப்பட்டிருக்கிறது. சாய்ந்த பாறைக்கும் தரைக்கும் இடையிலான வெளியை நிரப்பும் கல்வேலை, உடுக்கையைப் போல இடை சிறுத்து, பாறையின் ஒவ்வொரு நெளிவையும் தொட்டுக்கொண்டு ஏறுகிறது. காரை ஏதுமில்லை. ஊரிலேயே மிக நுணுக்கமான பொருத்துகளில் இதுவும் ஒன்று என்பேன். சுவர் சுவரோடு சேரும் இடத்தைவிட, சுவர் பாறையோடு சேரும் இடத்தில் கொத்தரின் கவனம் கூடியிருக்கிறது. ஊற்றிலிருந்து சுமார் 750 மீட்டர் வாய்க்கால் வழியே வரும் நீர், வரிசையாக இறங்கும் 16 நீர்த்தாரைகளில் மேலேயுள்ள சிலவற்றை இந்தப் பாறையை ஒட்டியே கடந்து செல்கிறது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். பாறையை விட்டுவைத்தது வெறும் சிக்கனமாக இருக்கலாமே? அசையாத பாறை நல்ல அடித்தளம். சாதாரண வீடுகளும் அப்படிப் பாறைமேல் நிற்கின்றன. உண்மைதான். ஆனால் அடித்தளத்துக்காக விட்ட பாறையின் உச்சியைச் செதுக்க வேண்டியதில்லை. இந்திவத்தானா என்னும் செதுக்கிய பாறை ஊரின் உயர்ந்த மேட்டில் எந்தச் சுவரையும் தாங்காமல் நிற்கிறது. அதைச் செதுக்கி எழுப்பிய உழைப்புக்குச் சிக்கனத்தில் விடை கிடையாது. அதைச் சூரியக் கடிகாரம் என்பதற்கும் போதிய சான்று இல்லை. தோர்ரெயோனில் உள்ளது போன்ற துல்லியமான ஒளித்தொடர்பு இங்கே நிறுவப்படவில்லை. யோஹான் ரெய்ன்ஹார்ட் காட்டிய வழி எனக்கு ஏற்புடையது: தெற்கே 6,271 மீட்டர் உயரமுள்ள சல்கந்தாய், வடக்கே வைனா பிச்சு எனச் சுற்றியுள்ள மலைத்தெய்வங்களோடு வைத்துப் பார்த்தால்தான் அந்த மேடு பொருள்படும். வடகோடியில் உள்ள புனிதப் பாறையின் மேல்விளிம்பும் பின்னால் தெரியும் மலையின் விளிம்புக்கோட்டைப் பின்தொடர்வதுபோல் அமைந்திருக்கிறது.

என் வாதத்துக்கு உண்மையிலேயே இடர் தருபவை பிரதான கோயிலும் மூன்று சாளரக் கோயிலும்தான். இவற்றின் நடுவே வணங்கத்தக்க தாய்ப்பாறை இல்லை. பெருங்கற்களை இழைத்து அடுக்கிய சுவர்களே உள்ளன. எனினும் இரண்டுக்கும் மூன்று சுவர்கள் மட்டுமே. நான்காவது பக்கம் முற்றத்தை நோக்கித் திறந்திருக்கிறது. மூன்று சாளரங்களும் கிழக்கு மலைகளைப் பார்க்கின்றன. தெய்வத்தை உள்ளே வைத்து மூடும் நோக்கம் இவற்றில் தெரியவில்லை. இவை சடங்குக்குக் கூடும் இடங்கள், சடங்கின் இலக்கு வெளியே இருந்தது என்று கொள்கிறேன். இது முழு விடை ஆகாது. பிரதான கோயிலின் பின்சுவரை ஒட்டிக் கிடக்கும் நீண்ட ஒற்றைக்கல்லைத் தனியே ஆராய வேண்டும்.

குஸ்கோவின் எழுத்துச்சான்றும் இதே திசையைக் காட்டுகிறது. ஸ்பானியப் பாதிரியார் பெர்னபே கோபோ 1653-இல் முடித்த நூலில், தலைநகரைச் சுற்றியிருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட புனித இடங்களின் பட்டியல் உண்டு. அவற்றில் ஊற்றுகளும் கற்களும் பெரும்பங்கு, கட்டடங்கள் குறைவு. குஸ்கோவில் கோரிகாஞ்சாவின் சுவர்கள் சாந்தோ தொமிங்கோ மடத்துக்கு அடியில் எஞ்சின. வழிபட்ட பாறைகளையோ பாதிரிமார் தேடித் தேடி அழித்தார்கள். அவர்களின் கை எட்டாத மாச்சு பிச்சுவில்தான் பாறையும் சுவரும் சேர்ந்தே நமக்குக் கிடைத்திருக்கின்றன.

பாறையை அளவுகோலாகக் கொண்டால் இன்திமச்சாய்க்கும் உரிய இடம் கிடைக்கும். கிழக்குச் சரிவில் உள்ள இக்குகை வெளிப்பார்வைக்கு எளிய ஒன்று. பாறைப் பொந்தின் வாயில் ஒரு கற்சுவர் எழுப்பி, அதில் ஒரு சாளரம் விட்டிருக்கிறார்கள். டிசம்பர் கதிர்த்திருப்பத்தை ஒட்டிய சில நாள்களில் மட்டும் உதய ஒளி அந்தச் சாளரம் வழியே உட்புகுந்து பின்சுவர்வரை எட்டுகிறது. சுவரின் நேர்த்தியைத் தேடுபவர் கண்ணில் இது படாது. சூரியனுக்காகத் திட்டமிட்டுக் கட்டியது என்று ஐயமின்றிச் சொல்லத்தக்க மிகச் சில இடங்களில் இதுவும் ஒன்றாக இருந்தும், வரைபடங்களில் பெரும்பாலும் ஓரத்துக் குகையாகவே குறிக்கப்படுகிறது.