கண்டிப் பிரதேசத்து ஆடற்பலகைகள்

கலைவரலாறு பெரும்பாலும் புரவலரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கண்டிப் பிரதேசத்து மரவேலையைப் பற்றி எழுதுவோர் எம்பெக்கே தேவாலயத்து மேளமண்டபத் தூண்களையும், இராஜாதி இராஜசிங்கன் 1783 இல் தொடக்கிய அரச மண்டபத்தையும் விதந்துரைப்பர். முன்னது கதிர்காமக் கடவுளுக்குரியது. மூன்றாம் விக்கிரமபாகுவின் காலத்தோடு (1357 - 1374) இணைத்துக் கூறப்படுவது. பின்னது 1815 மார்ச் 2 ஆம் நாள் கண்டி உடன்படிக்கை நிறைவேறிய இடம். இவை போற்றுதற்குரியவையே. ஆயினும், அதே மலைநாட்டில் அரசனையும் ஆலயத்தையும் வேண்டாத மரவேலையொன்றும் வாழ்ந்து வந்துள்ளது. வீடுகளில் ஓய்வுப்பொழுதுக்கெனப் பயன்பட்ட ஆடற்பலகையே அது.

சிங்கள மக்கள் இதனை ‘ஒலிந்த’ பலகை என்பர். ஒலிந்த என்பது நாம் குன்றிமணி என வழங்கும் விதை. சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் பெண்கள் இப்பலகையைச் சுற்றியமர்ந்து ஆடுவது மரபு. வரிசைக்கு ஏழாக இரு வரிசைக் குழிகளும், வென்ற விதைகளைச் சேர்த்துவைக்கப் பெருங்குழிகளும் இதில் அமையும். தமிழர் இதனைக் கண்டதும் பல்லாங்குழி என அடையாளங் கொள்வர். நீர்ப்பாசனத் திணைக்களத்திற் பணியாற்றிய ஹென்றி பாக்கர், 1909 இல் வெளிவந்த ‘பண்டைய இலங்கை’ என்ற தம் ஆங்கில நூலில் இவ்விளையாட்டை விரிவாகப் பதிவுசெய்தார்.

பலகையின் அமைப்பே அதன் செய்முறையைப் புலப்படுத்துகின்றது. நன்கு உலர்ந்த பலகையில் முதலில் கோடிட்டுக் குழிகளின் இடங்கள் சமதூரத்திற் குறிக்கப்படல் வேண்டும். பின்னர் வளைந்த உளியால் விளிம்பிலிருந்து நடுவை நோக்கிக் குடைந்து செல்லல் வேண்டும். குழியின் சுவர் செங்குத்தாயின் சிறு விதைகளை விரல்களால் ஒருங்கே அள்ளுதல் அரிது. சரிவு மிகக் குறையின் விதைகள் அடுத்த குழிக்கு உருண்டோடும். ஆகவே கிண்ணம் போன்ற வடிவம் அழகு நோக்கி மட்டும் எழுந்ததன்று. ஆட்டத்தின் தேவையே அதனை வகுத்தது. இத்தகைய எளிய பலகையை உளி பிடிக்கத் தெரிந்த எவரும் செய்துகொள்ளலாம். கால்களும் ஓரச் செதுக்கல்களும் கொண்ட பலகையோ தேர்ந்த தச்சனின் கையை வேண்டிநிற்கும். ஒரே பொருள் குடிசைக்கும் வளவுக்கும் உரியதாய் இவ்வாறு இரு தரங்களில் நிலைபெற்றது.

இவ்விடத்தில் கலாயோகி ஆனந்த குமாரசுவாமியின் கருத்து நினைவுகூரத்தக்கது. 1903 முதல் 1906 வரை கனிப்பொருள் அளவைப் பணியின் பொருட்டு நாட்டின் பல பாகங்களையும் சுற்றிவந்த அவர், 1908 இல் ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்ற நூலை வெளியிட்டார். அரசசேவைக்காக நிலம்பெற்று வாழ்ந்த கைவினைஞர், 1815 இன் பின் ஆதரவிழந்து அருகியமையை அந்நூல் வருத்தத்தோடு எடுத்துரைக்கின்றது. 1832 இல் இராஜகாரிய முறை ஒழிக்கப்பட்டமை அம்மாற்றத்தை விரைவுபடுத்தியது. இம்முடிபு அரச பட்டறைகளுக்குப் பெரிதும் பொருந்தும். ஆயின் ஆடற்பலகைக்குப் புரவலர் எவரும் இருந்ததில்லை. ஆகவே அரசு வீழ்ந்ததால் அது உடன் வீழவில்லை. புரவலரைச் சார்ந்த கலையின் அழிவை நாட்டுக் கலை முழுவதினதும் அழிவாகக் கொள்ளலாகாது என்பதற்கு இதுவொரு சான்றாகும்.

இனி, இப்பலகை யாருடையது என்ற வினா எழுகின்றது. 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்ட நாயக்க மன்னர், மதுரைப் பக்கத்திலிருந்து மணவினை கொண்டோர். அவ்வரசியரோடு பல்லாங்குழியும் வந்திருத்தல் கூடும் எனச் சிலர் எண்ணலாம். ஒப்புமை மட்டும் கடன்கோடலுக்குச் சான்றாகாது. குழிகளில் விதையிட்டு ஆடும் ஆட்டம் மேற்கு ஆபிரிக்காவிலும் மலாய் நாட்டிலும் பரவியுள்ளது. மேலும், தமிழ்ப்பெயர் குழியைச் சுட்ட, சிங்களப்பெயர் விதையைச் சுட்டுகின்றது. கடை ‘கடே’ எனவும், அம்பலம் ‘அம்பலம’ எனவும் பொருளோடு பெயரும் சேர்ந்தே சிங்களத்திற் புகுந்தமையை நோக்குமிடத்து, இவ்வேறுபாடு கருத்திற் கொள்ளத்தக்கது. எவரிடமிருந்து எவர் பெற்றனர் என்பதைக் காட்டிலும், இரு மக்களும் ஒரே வடிவத்தைத் தத்தம் பெயரிட்டுத் தமதாக்கிக்கொண்டனர் என்பதே இன்றைய சான்றுகளுக்கு இசைந்த முடிபாகும். இனத்தின் பெயரால் பண்பாட்டுப் பொருள்களுக்கு உரிமை கோரும் போக்கினால் இந்நாடு பட்ட துயர் பெரிது. ஆதலின் இம்முடிபின் பெறுமதி ஆய்வெல்லையைக் கடந்ததாகும்.

மற்றொரு மௌனமும் நோக்கற்பாலது. 1820களில் கம்பளைப் பகுதியில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கிய பின் தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் இம்மலைகளிற் குடியேறினர். தோட்டப் பதிவேடுகள் ஆட்தொகையையும் கூலியையும் கடனையும் கணக்கிட்டன. ஓய்வுப்பொழுதை அவை கணக்கிலெடுக்கவில்லை. பலகை இல்லாதவிடத்து மண்ணிற் சிறு குழிகள் தோண்டிப் புளியங்கொட்டைகளால் ஆடுவது தமிழர் வழக்கம். மரப்பலகை நூதனசாலைக்குச் செல்லலாம். மண்ணிற் தோண்டிய குழியோ அடுத்த மழையோடு மறையும். ஆகவே நூதனசாலைப் பொருள்களை மட்டும் ஆதாரமாகக் கொள்ளும் வரலாறு, வறியோரை, சிறப்பாக வறிய பெண்களை, தவிர்க்கவியலாது விட்டுவிடும்.

ஆடற்பலகை சிறிய பொருள்தான். ஆயினும் அதனைச் செய்த கையையும் அதில் ஆடிய கையையும் தேடிச் செல்லும்போது, கல்வெட்டும் செப்பேடும் கூறாத ஒரு சமூகம் நம்முன் தோன்றுகின்றது. பழைய பலகைகள் விறகாகவோ விலைபொருளாகவோ மாறுமுன் அவற்றின் அளவு, மரம், குழியமைப்பு ஆகியவற்றையும், ஆடிய மூதாட்டியர் நினைவிலுள்ள விதிகளையும் இரு மொழியிலும் பதிவுசெய்தல் வேண்டும். எம்பெக்கேத் தூண்களுக்கு அண்மையிலேயே பயிலும் பேராதனை மாணவருக்கு இப்பணி தூரத்தில் இல்லை.