விதையும் மண்ணும்: மார்பகப் புற்றுநோய்ப் பரவல் ஆய்வின் வரலாறு

போடிநாயக்கனூரில் ஏலம் போகும் ஏலக்காய் அந்த ஊர்ச் சமவெளியில் விளைவதல்ல. போடிமெட்டுக்கு மேலே, மர நிழலும் ஈரமும் குளிர்ச்சியும் உள்ள மலைச்சரிவுகளில் விளைவது. அதே விதையை அடிவாரத்து வெயிலில் தூவினால் தோட்டம் உருவாகாது. மார்பகப் புற்றுநோய் பரவும் விதத்தை விளக்க, லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட் 1889-இல் கையாண்டதும் இதைப் போன்ற ஓர் ஒப்புமையே.

மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் பிணக்கூறாய்வுப் பதிவுகளை அவர் திரட்டினார். 241 பேருக்குக் கல்லீரலில் நோய் பரவியிருந்தது. மண்ணீரலிலோ 17 பேருக்கு மட்டுமே. இரத்தம் இரண்டு உறுப்புகளுக்கும்தான் பாய்கிறது. ஆகவே புற்றணுக்கள் விதைகளைப் போல எங்கும் சிதறினாலும், ஏற்ற மண்ணில் மட்டுமே முளைக்கின்றன என்றார் பேஜட்.

இந்தக் கருத்து நெடுங்காலம் ஓரமாகவே கிடந்தது. அக்காலத்தில் செல்வாக்குப் பெற்றவர் அமெரிக்காவின் வில்லியம் ஹால்ஸ்டெட். புற்று மார்பிலிருந்து அக்குள் நிணக்கணுக்கள் வழியாகப் படிப்படியாக நகர்கிறது, அந்த வழியையே வெட்டி எடுத்தால் நோய் தீரும் என்பது அவர் நம்பிக்கை. மார்பகத்தோடு அதன் அடியிலுள்ள தசைகளும் நிணக்கணுக்களும் நீக்கப்பட்டன. கை வீங்கி, தோளைத் தூக்க முடியாமல் வாழ்ந்த பெண்கள் பலர். அப்படியும் சில ஆண்டுகள் கழித்து எலும்பிலோ நுரையீரலிலோ நோய் திரும்பியது. இன்னும் அகலமாக வெட்ட வேண்டும் என்றே பல மருத்துவர்கள் எண்ணினர்.

பெர்னார்ட் ஃபிஷர் 1971-இல் தொடங்கிய ஒப்பீட்டு ஆய்வு அதைத் தகர்த்தது. 1985-இல் வெளியான பத்தாண்டு முடிவின்படி, தசைகளை விட்டுவைத்த எளிய அறுவைக்கும் பெரிய அறுவைக்கும் ஆயுளில் வேறுபாடில்லை. பலருக்குக் கத்தி படும் முன்பே அணுக்கள் வெளியேறியிருக்கின்றன. அவற்றுள் சில எலும்பு மச்சையில் ஆண்டுக்கணக்கில் உறங்கவும் கூடும்.

அறுவையின்போதே சில அணுக்கள் தப்பிச் செல்கின்றனவா? இக்கேள்வியை மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ராஜேந்திர பட்வே எடுத்துக்கொண்டார். இந்தியாவின் 11 மையங்களில் 1,600 பெண்கள் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். பாதிப் பேருக்கு, அறுவைக்குச் சில நிமிடங்கள் முன்பு கட்டியைச் சுற்றி லிக்னோகைன் செலுத்தப்பட்டது. பல் பிடுங்கும்போது மரத்துப்போகப் போடும் அதே மலிவான மருந்துதான். 2023-இல் அச்சான முடிவில், ஐந்தாண்டுகள் உயிர்வாழ்ந்தோர் ஊசி பெற்றவர்களில் 90.1 விழுக்காடு, பெறாதவர்களில் 86.4 விழுக்காடு. ஆனால் ஹார்மோன் ஏற்பி உள்ள வகைப் புற்று பதினைந்து, இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் திரும்பக்கூடியது. அதற்கு இந்த ஐந்தாண்டுக் கணக்கு போதாது.